ஆறாவது பழுது

நெடுந்தூரம் மோட்டார் சைக்கிளில் போனால் முதுகு வலிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். முதலில் வலிப்பது முழங்கால். கால் வைக்கும் இடத்துக்கும் இருக்கைக்கும் நடுவில் உயரம் போதாவிட்டால் ஐம்பதாவது நிமிடத்தில் முழங்கால் முனக ஆரம்பிக்கும். முதுகு அதற்கப்புறம்தான் சேர்ந்துகொள்ளும். மூன்று வருடம் அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் உயரம் போதாததுதான், சார். நான் எழுதி முடிக்க நேரமாகும். நீங்கள் எழுந்து நடந்தால் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குக் கோவையாகப் பேச வராது. அதனால்தான் காகிதம் கேட்டேன்.

நான் வந்தது மெக்கானிக்குக்காக. மலைச்சாலையில் வெள்ளை வண்டி கவிழ்ந்ததற்கு அவர்தான் காரணம் என்று பதினொரு நாளாக அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். முன் பிரேக்கைச் சரியாக முடுக்காமல் விட்டார், கவனக்குறைவு என்று வழக்கு. அவரிடம் அப்படி ஒரு குறை கிடையாது. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் வேலை பார்ப்பது ஒரு மோட்டார் சைக்கிள் பத்திரிகையில். வருடத்துக்கு ஒரு முறை, நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய வண்டிகளை ஒப்பிட்டுச் சிறப்பிதழ் போடுவோம். மூன்று கம்பெனிகள், மூன்று வண்டிகள். அலுவலகத்தில் யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டோம். வெள்ளை, கறுப்பு, நீலம். உட்காரும் சுகம், நம்பகம், டீலரின் கவனிப்பு என்று மூன்று தலைப்பில் மதிப்பெண் போடுவோம்.

நான் இயற்பியல் பட்டதாரி. கைப்பிடியில் எவ்வளவு அதிர்வு, இருக்கையில் எங்கே அழுத்தம், எஞ்சின் சூடு காலில் எவ்வளவு படுகிறது, எல்லாம் நான் அளப்பேன். நம்பகத்துக்கு வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படித்து எந்த வண்டியில் எது எத்தனையாவது கிலோமீட்டரில் போகிறது என்று எழுதுவேன். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி எப்படிப் போகிறது என்று பார்க்க, பின்னால் உட்காருவதும் நான்தான். ஓட்டுகிறவர் கேப்டன்.

அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டன் இல்லை. வாசகர்கள் வைத்த பெயர். எங்கள் முதன்மை விமர்சகர். ஆள் ஆறடி உயரம், குரல் அதைவிட உயரம். நான் அளந்த எண்களைப் பார்த்து, 'என் இருபது வருட அனுபவத்தில் உணர்ந்தேன்' என்று எழுதுவார். என்னைக் கோட்டான் என்று கூப்பிடுவார். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஊமைக்கோட்டான் என்று சொன்னவர், பிறகு ஊமையைக் கழித்துக்கொண்டார். அது எனக்குக் காட்டிய சலுகையாம்.

டீலரின் கவனிப்பை எப்படி அளப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் கேப்டன் போய் உட்காருவார், குளிர்ந்த பானம் கொடுப்பார்கள், நல்ல கவனிப்பு என்று எழுதுவார். அதை மாற்றியது நான். சாதாரண வாடிக்கையாளரின் வண்டி போலச் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் நானே வண்டியில் ஐந்து சிறு பழுதுகளை வைப்பேன். கண்ணாடியைக் கொஞ்சம் தளர்த்துவது, பின் டயரில் காற்றைக் குறைப்பது, விளக்கின் இணைப்பைக் கழற்றி விடுவது, இப்படி. ஐந்தையும் எழுதி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்திட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிடுவேன். வண்டி திரும்பி வந்ததும் உறையைப் பிரிப்போம். எத்தனையைக் கண்டுபிடித்தார்களோ அத்தனை மதிப்பெண். கண்டுபிடிக்காததை நான் சரிசெய்த பிறகுதான் யாரும் வண்டியில் ஏறலாம்.

இன்னொரு விதியும் எழுதினேன். ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன், பதினான்கு இடங்களைத் தானே கையால் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பத்து நிமிட வேலை. கேப்டன் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. கையெழுத்து மட்டும் போடுவார். பதினான்கு டிக்கையும் நான் போட்டுவிடுவேன்.

போன வருடச் சிறப்பிதழில் வெள்ளை முதலிடம். அந்த வண்டியில் பக்கப் பெட்டிகளில் சுமை ஏற்றி, பின்னால் ஆளை வைத்து, நூறைத் தாண்டினால் ஹேண்டில் ஆடும். முதலில் லேசாக. பிடியை இறுக்கினால் அதிகமாகும். மூன்று நாள், மூன்று முறை அளந்து எழுதிக் கொடுத்தேன். கேப்டன் அந்தத் தாளைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"கோட்டான், இது என்ன, ஆட்டம்?"

"சுமையோட போனா ஹேண்டில் ஆடுது சார். மூணு தடவை பார்த்தேன்."

"மூணு தடவையும் பின்னாடி இருந்தது யாரு? நீதானே. பயத்துல நீ ஆடியிருப்ப, வண்டி பாவம் என்ன பண்ணும்?"

சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார். கேப்டன் பேனாவை எடுத்தார்.

"ஆட்டம்னு போட்டா எவன் வாங்குவான்? உயிர்ப்பான ஹேண்டில்னு போடு. அதுவும் அதே அர்த்தம்தான்."

அந்த அளவுகள் பட்டியலில் வரவில்லை. நீக்கச் சொன்னது அவர். பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். ஆனால் தட்டச்சு செய்வது என் வேலை.

இதழ் வந்த வாரம் அக்கா போன் செய்தாள். அக்கா விளையாட்டு ஆசிரியை. அவளும் அத்தானும் விடுமுறை என்றால் வண்டியில் கிளம்பிவிடுவார்கள்.

"ஏன்டி, வெள்ளைதான் ஃபர்ஸ்ட்டாமே. இவரு பத்திரிகையைத் தலைமாட்டுல வச்சுட்டுத் தூங்குறாரு. நீதான் பின்னாடி உக்காந்து பார்த்திருக்கியே, வாங்கலாமா?"

"பத்திரிகையிலதான் போட்டிருக்கே அக்கா" என்றேன்.

வெள்ளையை வாங்கிய நான்காவது மாதம் அவர்கள் விழுந்தார்கள். பெட்டிகள் நிறைய சுமை, பின்னால் அக்கா, நூற்றுப் பத்து. அத்தானுக்குச் சிராய்ப்பு. அக்காவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவளிடம், எல்லாம் அந்தக் கேப்டனால் வந்தது என்றேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் கேப்டனையா கேட்டேன்? உன்னைத்தானே கேட்டேன்."

வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தாள். அதனால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளைக் கம்பெனி சத்தமில்லாமல் அந்தக் குறையைச் சரிசெய்தது. இந்த வருட வண்டியில் ஆட்டம் இல்லை, கம்பெனி ஆள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். கேப்டனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை ஓட்டுவதற்கு முன்பே கட்டுரையின் முன்னுரையை எழுதிவிடுவார். ஒரு திங்கட்கிழமை அதைப் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார். மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: 'சென்ற ஆண்டு வெள்ளையில், சுமையோடு செல்கையில் ஹேண்டில் ஆடுவதை நான் உணர்ந்தேன். என் இருபது வருட அனுபவம் பொய் சொல்லாது. இந்த ஆண்டு அந்தக் குறை களையப்பட்டுவிட்டது.'

நான் உணர்ந்தேன் என்ற சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. வழக்கமாக எனக்கு எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை தெரியும்.

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அது என் அளவு. நீங்கள் போட விடவில்லை. என் அக்காவுக்குக் கால் இல்லை. மூன்று வாக்கியம். கதவருகே நின்று "சார்" என்றேன். அவர் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன கோட்டான், லீவா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

எனக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது. கை நடுங்காது. எழுத்து மட்டும் சிறிதாகிவிடும். இந்தப் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம்.

அடுத்த நாள் வெள்ளை வண்டிக்கான ஐந்து பழுதுகளைத் தேர்ந்தெடுத்தேன். நான்காவதாக, முன் பிரேக்கில் ஒரு சிறு கிளிப்பை எடுத்துவிடுவது என்று எழுதினேன். அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால், சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை மெக்கானிக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றியதை வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கிளிப்பைத் தேர்ந்தெடுத்தாயா என்று கேட்பீர்கள். அன்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். இன்று, ஆமாம்.

வியாழக்கிழமை மாலை வண்டியை எடுக்கப் போனேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

"ஏம்மா, இதுக்கு முன்னாடி இந்த வண்டியைத் தொட்டவன் எவன்? அவன் கையில ஸ்பானரைக் கொடுத்தவனைச் சொல்லணும். டயர்ல காத்து இல்ல, லைட்டு கனெக்‌ஷன் இல்ல, முன் பிரேக்ல கிளிப்பே இல்ல. வேணும்னு பண்ண மாதிரில்ல இருக்கு."

"சரிபண்ணிட்டீங்களா?"

"எல்லாம் ஆச்சு. இங்க வாங்க, காட்டுறேன். முடுக்கின ஒவ்வொரு போல்ட்டு மேலயும் மஞ்சக் கோடு போட்டிருக்கேன் பாருங்க. கோடு ரெண்டு பக்கமும் நேரா இருந்தா போல்ட்டு அசையலைன்னு அர்த்தம். கோடு விலகியிருந்தா வண்டியை எடுக்காதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க. வீட்ல யாரும்மா ஓட்டுறது?"

"அண்ணன்" என்றேன்.

"அண்ணனைப் பத்திரமா போகச் சொல்லுங்க."

ஐந்தில் ஐந்து. மூன்று வருடத்தில் எந்த டீலரும் ஐந்து வாங்கியதில்லை. அந்தக் கோட்டைப் பற்றி அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். கோடு யார் வேண்டுமானாலும் போடலாம் என்று நீங்கள் பதில் சொன்னதாகச் செய்தியில் படித்தேன். அவர் முடுக்கிவிட்டுத்தான் போட்டார்.

ஆறு மணிக்கு அலுவலகத்தின் பின்புறக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினேன். எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வலது காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தினேன். பாதிச் சுற்றில் நிறுத்தினால் மஞ்சள் கோடு விலகித் தெரியும். முழுச் சுற்றுகளாகத் திருப்பினால் கோடு மறுபடி நேராக வந்து நிற்கும். அப்படி நிறுத்தினேன். கண்ணால் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. தொட்டால் தெரியும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். தொட்டால் தெரியும். பதினான்கில் ஆறாவது வரி, 'முன் பிரேக் காலிப்பர்களைக் கையால் அசைத்துப் பார்க்கவும்.' நான் எழுதிய வரி. கேப்டனுக்கு நான் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். என் அக்காவுக்கு அவர் அதைக்கூடக் கொடுக்கவில்லை. அன்று அந்தத் தாளில் டிக் எதுவும் போடாமல் வண்டியின் மேல் செருகி வைத்தேன். அவரே குனிந்து, அவரே தொட்டு, அவரே போட வேண்டும் என்றுதான். தாள் உங்களிடம் இருக்கிறது. பதினான்கு கட்டங்களுக்கும் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்திருக்கிறார். மூன்று விநாடி ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, காய்ச்சல், வர முடியாது என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். பின்னால் ஆள் இல்லாவிட்டால் சோதனை நிற்கக் கூடாது என்று கொட்டகையில் இரண்டு மணல் மூட்டைகள் வைத்திருக்கிறோம், முப்பது கிலோ ஒவ்வொன்றும். அதைக் கட்டிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். நடைமுறையில் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையை எழுதியவள் வேறென்ன நினைப்பாள்?

அவர் மணல் மூட்டையை எடுக்கவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகத்தில் எல்லாரும் அவளைக் குட்டி என்போம். வயது இருபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள். நான் பேசாவிட்டால் என் பங்கையும் சேர்த்து அவளே பேசுவாள்.

மலைச்சாலை இறக்கத்தில் மூன்றாவது வளைவு. பிரேக்கை அழுத்தியபோது காலிப்பர் கழன்று சக்கரத்தில் சிக்கியது. கேப்டன் மேட்டுப் பக்கம் புல்லில் விழுந்தார், தோள்பட்டை எலும்பு முறிவு. அவள் தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் போய்விட்டாள். உயரம் பதினெட்டு மீட்டர் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே கேப்டன் பேட்டி கொடுத்தார். "அவ எனக்குப் பொண்ணு மாதிரி. என் இருபது வருஷ அனுபவத்துல சொல்றேன், இது மெக்கானிக்கோட கவனக்குறைவு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசகர்கள் பூ அனுப்பினார்கள். அந்த ஒரே கோட்டுத் தாளைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஏன் பதினொரு நாள் சும்மா இருந்தாய் என்று உள்ளே வந்ததும் கேட்டீர்களே, இதற்குத்தான். முதலில் அவரைப் பிடிப்பீர்கள் என்று காத்திருந்தேன். பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்திட்டவர் அவர். பெண்ணைப் பின்னால் ஏற்றியவர் அவர். நான் தளர்த்தியது இரண்டு போல்ட்டுகளை.

நேற்று மெக்கானிக்கின் மனைவி செய்தியில் பேசினார். "அவரு வீட்டுக் கதவு தாழ்ப்பாளையே மூணு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன்" என்றார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கிளம்புவதற்கு முன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்றேன். அக்கா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என் காலை இதுல இழுக்காத. நான் உன்கிட்டக் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு, போ என்றாள். அவளுக்கும் கோபம். கோபத்தில் இருப்பவர்கள் சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது நீங்கள் ஒரு காகிதத்தை என் முன்னால் வைக்கிறீர்கள். குட்டியின் போனிலிருந்து போன அழைப்புகள். வெள்ளிக்கிழமை ஏழு ஐம்பதுக்கு என் எண், நான்கு நிமிடம். வண்டி கிளம்பியது எட்டரைக்கு. நாற்பது நிமிடம் இருந்ததே என்கிறீர்கள். கழித்தல் சரிதான்.

ஆமாம், அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, காய்ச்சல் எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

"உங்களுக்குப் பதிலா என்னை வரச் சொல்லிட்டாரு. மணல் மூட்டையை வச்சா போட்டோ நல்லா இருக்காதாம். நான் மணல் மூட்டையை விட அழகுன்னு இன்னைக்குத்தான்க்கா ஒருத்தர் ஒத்துக்கிட்டிருக்காரு." அவளே சிரித்தாள். "எங்க அம்மாகிட்டச் சொல்லலை. சொன்னா விட மாட்டாங்க. சாயங்காலம் வந்து போட்டோவோட சொல்லிக்கறேன். அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்க ஹெல்மெட்டை எடுத்துக்கட்டுமா? உங்க இடத்தை நான் பிடிச்சுட்டேன்னு கோவம் இல்லையே?"

போகாதே என்று சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு நிறையப் பேச வேண்டும். எனக்குப் பேச வராது என்பதைத்தான் முதல் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அதோடு, கேப்டன் ஒருவேளை இன்று குனிந்து பார்ப்பார் என்ற வாய்ப்பும் இருந்தது. அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

"கோவம் எல்லாம் இல்லை" என்றேன். "எடுத்துக்கோ. பட்டையை நல்லா இறுக்கிக் கட்டிக்கோ."

அதை அவள் கேட்காமலே நானாகத்தான் சொன்னேன். அவள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை இருந்தது என்பதற்கு அதையும் குறித்துக்கொள்ளுங்கள், சார்.